பொங்கிய மாவும் அடங்கிய மாவும்: ஓர் உலகச் சபை ஆண்டுதோறும் வளர்வது எப்படி?

இட்லிக்கு அரைத்து வைத்துப் பழகியவர்கள் விடிகாலையில் பாத்திரத்தின் விளிம்பைத் தொட்டு நிற்கும் மாவைப் பார்த்து இத்தனை ஈடு வரும் என்று கணக்குப் போட மாட்டார்கள். கரண்டியை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினால் அது சட்டென்று அடங்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அடங்கிய பிறகு மிஞ்சுவதுதான் மாவு, மற்றது காற்று. அந்தக் காற்றை வீண் என்றும் ஒதுக்க முடியாது. அது இல்லாவிட்டால் தட்டில் விழுவது இட்லியாக இருக்காது, களிமண் உருண்டையாகத்தான் இருக்கும்.

ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையின் ஆண்டு அறிக்கையைப் படிக்க இந்தச் சமையலறை அறிவே போதும். 2023-ஆம் ஆண்டில் அந்தச் சபையில் உலகெங்கும் புதிதாகச் சேர்ந்தவர்கள் 14 லட்சத்துக்கும் மேல். ஓர் ஆண்டில் அதுவரை இல்லாத எண்ணிக்கை அது. ஆனால் 2022 முடிவில் சுமார் 2 கோடியே 22 லட்சமாக இருந்த மொத்த உறுப்பினர் தொகை 2023 முடிவில் சுமார் 2 கோடியே 28 லட்சம்தான் ஆனது. கூடியது சுமார் ஐந்தரை லட்சம், வளர்ச்சி ஏறக்குறைய இரண்டரை சதவீதம். சேர்ந்தவர்களில் மீதி எண்ணிக்கையை விழுங்கியது எது? இறந்தவர்கள் ஒரு பங்கு. விலகியவர்களும், காணாமல் போனவர்கள் என்று பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டவர்களும் பெரும் பங்கு. பொங்கியதும் அடங்கியதும் ஒரே அறிக்கையில் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் இருக்கின்றன. சபைப் பத்திரிகைகள் முதல் கட்டத்தைத் தலைப்புச் செய்தி ஆக்குகின்றன. கரண்டி பிடித்தவர்கள் இரண்டாவதைப் பார்க்கிறார்கள்.

சனிக்கிழமையை ஓய்வுநாளாக அனுசரிப்பது, கிறிஸ்துவின் இரண்டாம் வருகை நெருங்கிவிட்டது என்று நம்புவது, உணவிலும் உடல்நலத்திலும் கட்டுப்பாடு காப்பது ஆகியவை இந்தச் சபையின் அடையாளங்கள். தலைமையகம் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் சில்வர் ஸ்பிரிங் என்ற ஊரில் உள்ளது. தென்னாசியப் பகுதிக்கான தலைமையகம் நம் ஓசூரில் இருக்கிறது. பூச்சந்தைக்கும் தொழிற்பேட்டைக்கும் பேர்போன ஊரில் இப்படி ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது.

எண்ணிக்கையைப் பற்றிப் பேசுமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தச் சபை குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. விவரம் தெரிந்த வயதில் தானே விரும்பி, தண்ணீரில் முழுக்கு ஞானஸ்நானம் பெற்றவரைத்தான் உறுப்பினராக எண்ணுகிறது. பிறந்த குழந்தைகளையும் சேர்த்து எண்ணும் சபைகளின் கணக்கோடு இதை அப்படியே ஒப்பிட முடியாது. ஆகவே பாத்திரத்தில் விழும் ஒவ்வொரு அரிசியும் தனித்தனியே வந்து விழுந்தது. சபைக் குடும்பத்தில் பிறந்த பிள்ளையும் ஒருநாள் தானாக முடிவெடுத்தால்தான் கணக்கில் ஏறும்.

மனிதர்கள் அரிசி என்றால் உளுந்து எது? அச்சடித்த தாள். என் வாதம் முழுவதும் இந்த ஓர் இடத்தில்தான் நிற்கிறது என்பதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து போடுகிறோம். அளவில் சிறியது, ஆனால் இரண்டு வேலைகளை அது செய்கிறது. மாவைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்களில் பெரும்பகுதி உளுந்தோடுதான் வருகிறது. இது முதல் வேலை. அவை விடும் வாயுவை வெளியே போகவிடாமல் பிடித்துவைக்கும் வழவழப்பும் புரதமும் உளுந்தில்தான் உண்டு. இது இரண்டாவது வேலை. வெறும் அரிசி மாவும் புளிக்கத்தான் செய்யும், ஆனால் எழும்பி நிற்காது. வாயு வந்த வழியே போய்விடும். அட்வென்டிஸ்ட் சபையில் அச்சு இந்த இரண்டு வேலைகளையும் செய்கிறது. வெளியில் உள்ளவர்களுக்கு முதல் வேலைதான் தெரியும், புத்தகம் கொடுத்து ஆள் சேர்க்கிறார்கள் என்று. இரண்டாவது வேலையை அதிகம் பேர் கவனிப்பதில்லை. எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது.

முதலில் வரலாறு. 1844 அக்டோபர் 22 அன்று கிறிஸ்து திரும்பி வருவார் என்று வில்லியம் மில்லர் என்ற பிரசங்கியைப் பின்பற்றியவர்கள் அமெரிக்காவின் வடகிழக்கில் காத்திருந்தார்கள். எதுவும் நடக்கவில்லை. கூட்டம் சிதறிற்று. சிதறியவர்களில் ஒரு சிறு குழு சனிக்கிழமை ஓய்வுநாளை ஏற்றுக்கொண்டு மீண்டும் ஒன்றுசேர்ந்தது. அவர்களுக்குக் கட்டடம் இல்லை, அமைப்பு இல்லை, சம்பளம் வாங்கும் போதகர் இல்லை, பெயர்கூட இல்லை. 1848 நவம்பரில், மாசசூசெட்ஸ் மாநிலத்து டார்செஸ்டரில் நடந்த ஒரு கூட்டத்தில், எலன் வைட் என்ற இளம்பெண் தமக்குக் கிடைத்த தரிசனத்தைச் சொல்லி, ஒரு சிறிய பத்திரிகையை அச்சிடத் தொடங்குமாறு தம் கணவர் ஜேம்ஸ் வைட்டிடம் கூறினார். கையில் காசில்லாத தம்பதி. 1849 ஜூலையில் கனெக்டிகட் மாநிலத்து மிடில்டவுனில் ஓர் அச்சக உரிமையாளர் கடனுக்கு அடித்துக் கொடுக்க, ‘பிரசன்ட் ட்ரூத்’ என்ற பத்திரிகை ஆயிரம் பிரதிகளோடு வெளிவந்தது. மடித்து முகவரி எழுதித் தபாலில் சேர்த்தார்கள். படித்தவர்கள் அனுப்பிய பணத்தில் கடன் அடைந்தது.

அதன் பிறகு நடந்தவற்றின் வரிசையைப் பாருங்கள். 1852-இல் நியூயார்க் மாநிலத்து ராசெஸ்டரில் சொந்தமாக ஒரு கையச்சு இயந்திரம். 1855-இல் அச்சகம் மிச்சிகன் மாநிலத்து பேட்டில் கிரீக்குக்கு இடம் மாறுகிறது. அச்சகம் யார் பெயரில் இருப்பது என்ற கேள்வி எழுகிறது. ஜேம்ஸ் வைட் பெயரில் இருந்தால் நாளைக்கு அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் சொத்து என்னாவது? சட்டப்படி பதிவுசெய்யப் பெயர் வேண்டும். அதனால் 1860 அக்டோபரில் கூடி ‘ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட்’ என்ற பெயரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 1861-இல் பதிப்புச் சங்கம் பதிவாகிறது. 1863 மே மாதத்தில்தான் உலகப் பொதுச்சங்கம் என்ற அமைப்பே உருவாகிறது, சுமார் 3,500 உறுப்பினர்களோடு. வேறு சபைகள் முதலில் கூடிப் பிறகு அச்சகம் வைத்தன. இங்கே அச்சகத்துக்குப் பத்திரம் எழுதப் போய்ச் சபைக்குப் பெயர் வந்தது.

1955-இல் பத்து லட்சம், 1970-இல் இருபது லட்சம் என்று போன கணக்கு இன்று 2 கோடியைத் தாண்டி நிற்கிறது. ஆனால் தொடக்க காலத்தில், 1844-இல் சிதறியது போல மறுபடி சிதறாமல் இருக்க, ஊர் ஊராக ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்த சில ஆயிரம் பேரை ஒரே கருத்தில் கட்டிவைத்தது அச்சடித்த பத்திரிகைதான். 1850-இல் தொடங்கிய ‘ரிவ்யூ அண்ட் ஹெரால்ட்’ வாசகர் கடிதங்களால் நிரம்பியிருந்தது. பக்கத்து மாநிலத்தில் தன்னைப் போல ஒருவர் சனிக்கிழமை கடையை மூடிவிட்டு உட்கார்ந்திருக்கிறார் என்று படித்தால், இங்கே தனியாக இருப்பவருக்கு அது எவ்வளவு பெரிய ஆதரவு! உளுந்தின் இரண்டாவது வேலை என்று நான் சொன்னது இதைத்தான்.

அந்த வேலை இன்று எங்கே நடக்கிறது என்று கேட்டால் ‘ஓய்வுநாள் பள்ளிப் பாடம்’ என்ற சின்னப் புத்தகத்தைக் காட்டுவேன். 1852-இல் ஜேம்ஸ் வைட் இளையோர் பத்திரிகை ஒன்றில் தொடங்கிய வழக்கம். இப்போது காலாண்டுக்கு ஒன்றாக ஆண்டுக்கு நான்கு புத்தகங்கள் வருகின்றன. நாளுக்கு ஒரு பக்க அளவில் ஒரு வாரத்துக்கு ஒரு பாடம். நைரோபியிலும் சாவோ பாவ்லோவிலும் ஓசூரிலும் அந்தந்த மொழியில் அதே வாரம் அதே பாடத்தைப் படித்துவிட்டு, சனிக்கிழமை காலையில் வட்டமாக உட்கார்ந்து விவாதிக்கிறார்கள். காலாண்டின் பதின்மூன்றாம் சனிக்கிழமைக் காணிக்கையில் ஒரு பகுதி உலகின் ஏதாவது ஒரு பகுதியில் பள்ளி, மருத்துவமனை, கட்டடம் என்று முன்கூட்டியே அறிவித்த திட்டத்துக்குப் போகிறது. இந்தத் திட்டங்களின் கதைகளும் அச்சாகி முன்னதாகவே சபைகளுக்கு வந்துவிடும். யாரும் பெருமையாகப் படம் எடுத்துப் போடாத புத்தகம் இது. ஆனால் காற்றைப் பிடித்துவைப்பது இதுதான்.

அரிசியும் உளுந்தும் ஒரே பாத்திரத்தில் இருந்தால் போதுமா? கலக்கும் கை வேண்டும், அதாவது வீடுவீடாகப் புத்தகம் கொண்டுபோய் விற்பவர்கள். சபையின் பேச்சில் இவர்களுக்குப் புத்தக ஊழியர் என்று பெயர், பழைய தலைமுறை கால்போர்ட்டர் என்று சொல்லும். இந்த முறையைத் தொடங்கிவைத்தவர் கனடாக்காரரான ஜார்ஜ் கிங். அவருக்குப் பிரசங்கியாக வேண்டும் என்று ஆசை. மேடைக்குச் சரிப்பட்டு வர மாட்டார் என்று மூத்தவர்கள் முடிவுகட்டி, வீடுவீடாகப் போய் அடுப்பங்கரையில் உட்கார்ந்து பேசிப் பிரசுரங்களை விற்றுக்கொள் என்று அனுப்பினார்கள். அவர் சில்லறைப் பிரசுரங்களோடு நிற்கவில்லை. யூரியா ஸ்மித் எழுதிய தானியேல், வெளிப்படுத்தல் விளக்க நூல்களை ஒரே நூலாகக் கட்டிப் படங்களோடு போட்டுக் கொடுங்கள், நான் விற்றுக் காட்டுகிறேன் என்று விடாப்பிடியாகக் கேட்டார். 1882-இல் அப்படியே போட்டார்கள், விற்றது. அன்றுமுதல் முறை இதுதான்: ஊழியருக்குச் சம்பளம் கிடையாது, விற்ற விலையில் ஒரு பங்கு அவருக்கு. சபைக்கு நிரந்தரச் செலவு இல்லாமல் ஆள் கிடைத்தார். விற்காத நாளில் அவருக்கு வருமானம் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மேடையில் சாட்சி சொல்லும்போது இது வீரமாகக் கேட்கும். வீட்டுக்காரரைக் கேட்டால் வேறு கதை வரும்.

இந்தியாவுக்கு இந்தச் சபை வந்த வழியும் அந்தக் கைதான். 1893-இல் வில்லியம் லென்கர், ஏ.டி. ஸ்ட்ரூப் என்ற இரண்டு புத்தக ஊழியர்கள் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கி, ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர்களிடம் புத்தகம் விற்கத் தொடங்கினார்கள். ஜார்ஜியா பர்ரஸ் என்ற மிஷனரிப் பெண் கல்கத்தாவுக்கு வந்தது அதற்குப் பிறகு, 1895-இல். 1908-இல் ஜே.எஸ். ஜேம்ஸ் என்ற மிஷனரி திருநெல்வேலிச் சீமையில் நாசரேத்துக்கு அருகே உள்ள பிரகாசபுரத்தில் குடியேறினார். அந்தப் பகுதியில் சனிக்கிழமை ஓய்வுநாள் புதிது அல்ல. ஆங்கிலிக்கன் மிஷனோடு முரண்பட்டு வெளியேறிய சட்டாம்பிள்ளை 1857-இல் தொடங்கிய ‘இந்து கிறிஸ்தவ சபை’ அங்கே அரை நூற்றாண்டாகவே சனிக்கிழமையை அனுசரித்து வந்தது. முதல்நாள் மாவில் ஒரு கரண்டி மிச்சம் இருந்த பாத்திரம் அது. புது மாவு அங்கே சீக்கிரம் எழும்பியதில் வியப்பில்லை.

கையே இல்லாமல், தாள் மட்டும் போய்ச் சேர்ந்த இடமும் உண்டு. பிரேசிலில் சபை தொடங்கியதைப் பற்றி அவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் கதை இது. 1880-களை ஒட்டிய காலம். ஜெர்மானியர் குடியேறிய சாந்தா கத்தரீனா மாநிலத்தில் புருஸ்கே என்ற சிற்றூர். அங்கிருந்து தப்பிக் கப்பலேறிய ஓர் இளைஞன், வழியில் சந்தித்த அட்வென்டிஸ்டுகளிடம் தன் மாற்றாந்தகப்பன் முகவரியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். சில காலம் கழித்து, ஊர்க் கடைக்கு ஒரு பொட்டலம் வருகிறது, உள்ளே ஜெர்மன் மொழிப் பத்திரிகைகள். முகவரிக்காரர் தொடத் தயங்குகிறார், பிரித்தால் பின்னாலேயே பில் வரும் என்று பயம். கடைசியில் பிரித்துக் கடையில் இருந்தவர்களுக்கு ஆளுக்கொன்று கொடுக்கிறார். படித்தவர்கள் மேலும் கேட்டார்கள். பின்னால் ஒரு குடிகாரர் சாராயக் காசுக்காக அந்தப் பத்திரிகைகளை விற்கத் தொடங்கினார், விற்காதவை கடையில் சாமான் மடிக்கப் போயின. மடித்த தாளையும் பிரித்துப் படித்தார்கள். எந்தப் போதகரும் வருமுன்னே அந்த வட்டாரத்தில் சனிக்கிழமையை அனுசரிக்கும் குடும்பங்கள் இருந்தன. குடிகாரரின் பங்கை அவர்கள் மறைக்காமல் சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது. இன்று பிரேசிலில் மட்டும் 15 லட்சத்துக்கும் மேல் உறுப்பினர்கள். சாவோ பாவ்லோ மாநிலத்து டட்டுயி நகரில் இருக்கும் அவர்களுடைய பதிப்பகம் உலக அட்வென்டிஸ்ட் பதிப்பகங்களில் மிகப் பெரியவற்றுள் ஒன்று.

மாவு எழும்புவது வெப்பத்தைப் பொறுத்தது. அதே அரிசி, அதே உளுந்து, அதே கை. சென்னையில் ஆறேழு மணி நேரத்தில் பொங்கி வழியும், ஊட்டியில் மறுநாள் மதியம்வரை உறங்கும். இந்தச் சபை பிறந்த அமெரிக்காவிலும், அதன் முதல் அதிகாரபூர்வ மிஷனரியான ஜே.என். ஆண்ட்ரூஸ் 1874-இல் போய் இறங்கிய ஐரோப்பாவிலும் வளர்ச்சி மந்தம். இருக்கிற வளர்ச்சியிலும் குடியேறி வந்தவர்களின் பங்கு கணிசமானது. கென்யா, சாம்பியா, ருவாண்டா, பிலிப்பைன்ஸ், தென் அமெரிக்கா ஆகிய இடங்களில்தான் பாத்திரம் நிரம்புகிறது. 2016-இல் ருவாண்டாவில் சில வாரத் தொடர் கூட்டங்களின் முடிவில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். 2020-இல் கொரோனா கூட்டங்களை நிறுத்தியபோது உலகம் முழுவதும் சேர்ந்தவர்கள் எட்டு லட்சம் அளவுக்கு இறங்கினார்கள். அச்சகங்கள் அப்போதும் இருந்தன. கைக்கும் வெப்பத்துக்கும்தான் தட்டுப்பாடு.

இனிக் கரண்டி. சபையின் ஆவணக் காப்பகமும் புள்ளிவிவரப் பிரிவும் ஒரே அலுவலகம். அதன் இயக்குநராக இருந்த வரலாற்றாசிரியர் டேவிட் டிரிம், ஆண்டுதோறும் அக்டோபரில் கூடும் சபைத் தலைவர்கள் முன்னால் ஒரு கணக்கை விடாமல் எடுத்து வைத்தார். 1965 முதல் சேர்ந்தவர்களை எல்லாம் கூட்டினால், நூற்றுக்கு நாற்பது பேருக்கும் மேல் பிறகு விலகியிருக்கிறார்கள். தங்கள் தோல்வியைத் தாங்களே எண்ணித் தலைவர்கள் மேசையில் வைக்கும் மத அமைப்புகள் அதிகம் இல்லை. இதற்கு அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். பல நாடுகளில் பதிவேடுகளைச் சரிபார்த்தபோது எண்ணிக்கை குறைந்தது. அந்த ஆண்டில் அங்கே சபை சுருங்கியது என்று அறிக்கை காட்டும். உண்மையில் அந்த ஆண்டில் சுருங்கியது எதுவும் இல்லை, பல ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த காற்று அன்றைக்கு வெளியே வந்தது, அவ்வளவுதான். ஆகவே ஓராண்டு வளர்ச்சி விகிதத்தை மட்டும் வைத்து எந்த நாட்டையும் மெச்சவோ ஏசவோ முடியாது. பத்து ஆண்டுச் சராசரியைப் பார்த்தால்தான் கொஞ்சம் விவரம் தெரியும்.

அப்படியானால் உளுந்தைக் கூட்டினால் போதாதா என்று தோன்றும். அதையும் செய்து பார்த்தார்கள். எலன் வைட்டின் ‘கிரேட் கான்ட்ரவர்ஸி’ என்ற நூலைக் கோடிக்கணக்கில் அச்சிட்டு விநியோகிக்கும் திட்டம் 2012-ஐ ஒட்டி உலகெங்கும் நடந்தது. 2023, 2024-இல் நூறு கோடிப் பிரதிகள் என்ற இலக்கோடு மறுபடி அறிவித்தார்கள். அமெரிக்க நகரங்கள் சிலவற்றில் கேட்காமலேயே தபால் பெட்டிக்குப் புத்தகம் வந்து விழுந்தது. இந்தத் திட்டத்தில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. உளுந்து கூடினால் இட்லி மேலே எழும்புவதில்லை, தட்டையாகிப் பிசுபிசுக்கும். காசு கொடுத்து வாங்கிய புத்தகம் அலமாரியில் ஏறும், ஒருநாள் கையிலும் ஏறும். சும்மா வந்தது பழைய பேப்பர்க்காரரிடம் போவதற்கு நேரமாகாது. ஆனால் மேலே சொன்ன பிரேசில் கதை எனக்கு எதிர்ச்சாட்சியாக வந்து நிற்கிறது என்பதையும் மறுக்கவில்லை. அங்கேயும் வந்தது இலவசத் தாள்தான். ஒரு வேறுபாடு உண்டு: தாய்மொழியில் படிக்க அதிகம் கிடைக்காத குடியேறிகள் நடுவே போய் விழுந்த தாள் அது.

அச்சகமே அளவுக்கு மீறி வளர்ந்த காலமும் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பேட்டில் கிரீக் அச்சகம் பெரிதாகி, இயந்திரங்கள் சும்மா நிற்கக் கூடாது என்பதற்காக வெளியார் வேலைகளை ஏராளமாக ஏற்றது. சபைக்கு ஒவ்வாத புத்தகங்களும் அதில் அச்சாயின. எலன் வைட் கடுமையாகக் கண்டித்தார். 1902 டிசம்பர் 30 அன்று கட்டடம் தீப்பிடித்து அழிந்தது. அடுத்த ஆண்டு தலைமையகத்தையும் அச்சகத்தையும் வாஷிங்டனுக்கு மாற்றினார்கள். அதே ‘ரிவ்யூ அண்ட் ஹெரால்ட்’ மேரிலாந்தில் ஹேகர்ஸ்டவுன் வரை போய், விற்பனை தேய்ந்து 2014-இல் அச்சுக்கூடத்தை மூடியது. வேலைகள் ஐடஹோ மாநிலத்திலுள்ள பசிபிக் பிரஸ் பதிப்பகத்துக்குப் போயின. சபையின் எண்ணிக்கை உச்சத்தில் இருந்த காலத்தில் அதன் மூத்த அச்சகம் மூடியது முரணாகத் தோன்றலாம். வளர்ந்தது தெற்கில், மூடியது வடக்கில். உளுந்து செலவாகும் இடம் மாறிவிட்டது.

ஆண்டு அறிக்கையின் அடிப்படை எண் எங்கே பிறக்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். உள்ளூர்ச் சபையின் செயலர் ஒரு பதிவேடு வைத்திருக்கிறார். சேர்ந்தவர், இறந்தவர், மாறிப் போனவர் எல்லாரையும் அவர் எழுதுகிறார். காலாண்டுக்கு ஒருமுறை அது மேலே போய், படிப்படியாகத் தலைமையகத்தை அடைகிறது. ஒரு பெயரைச் சேர்க்க வேண்டும் என்றாலும் நீக்க வேண்டும் என்றாலும் உள்ளூர்ச் சபையார் கூடி வாக்களிக்க வேண்டும். போதகரோ மேலிடமோ நினைத்த மாத்திரத்தில் அடித்துவிட முடியாது. சேர்க்கக் கை தூக்குவது சுலபம். பத்து ஆண்டாக வராத மாமாவின் பெயரை நீக்க யார் முதலில் கை தூக்குவது? காற்று பதிவேட்டில் தங்குவதற்கு மோசடி எதுவும் தேவையில்லை, கூச்சமே போதும்.

அதனால் ஓர் ஊர்ச் சபை நிஜமாக எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று அறிய விரும்புகிறவர் செயலரிடம் இரண்டு எண்களைக் கேட்கலாம். பதிவேட்டில் எத்தனை பெயர், இந்தக் காலாண்டுக்கு எத்தனை பாடப்புத்தகம் வாங்கினீர்கள். முதல் எண்ணை விட்டு இரண்டாவது எவ்வளவு தூரம் விலகி நிற்கிறது என்று ஆண்டுக்காண்டு பார்த்து வந்தால் போதும். ஒரு குடும்பத்துக்கு ஒரு புத்தகம் என்று வாங்குவார்கள், அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். பாடம் இப்போது கைபேசிச் செயலியிலும் வருவதால், இளைஞர்கள் நிறைந்த சபைகளில் இந்தக் கணக்கும் பழையபடி கைகொடுப்பதில்லை.